எங்கள் வீட்டு மொரிஸ் மைனர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் முதலில் எனக்குத் தந்த தலைப்பு 'பெண்களும் தொழில்நுட்பமும்'. முப்பது வருடத்துக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்தவள் என்பதால் தந்திருப்பார்கள். அந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்நுட்பம் ஒரு பழைய கார் மட்டும்தான். அதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி அக்கா, இருபது நிமிசத்துக்கு மேல் போகாதேயுங்கோ" என்றார்.

கனடாவிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் இருந்து வருகிற என் வகுப்புத் தோழியர் படலையைத் திறந்ததும், என்னைச் சுகம் விசாரிப்பதற்கு முன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உந்தக் கார் இன்னும் ஓடுதோ?" ஓடுகிறது. இன்று காலையும் அதில்தான் வந்தேன். எப்படி ஓடுகிறது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. இன்று நீங்கள் கேளாமலே சொல்லப் போகிறேன்.

கார் 1955ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கிற வகை. 803 சீசீ எஞ்சின், முப்பது குதிரை வலு. இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. மைனர் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான். முதலில் செய்து பார்த்த மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததாம். அதை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தபோதுதான் இசிகோனிசுக்குத் திருப்தி வந்தது. பொனற்றின் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான். வெளியே நிற்கிறது, போகும்போது பாருங்கள். சேலையில் கரை பிடிக்காவிட்டால் பட்டி வைத்துத் தைப்பது போன்ற வேலை.

அப்பா கிராம வைத்தியசாலையொன்றில் அப்போதிக்கரி. 1961இல் இதைப் பழைய காராகத்தான் வாங்கினார். எனக்கும் காருக்கும் ஒரே வயது. எனக்கு அப்போது ஆறு. அந்த ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து நாட்டுக்குள் புதுக் கார்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும் வரை, இருந்ததை வைத்து ஓட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார் ஸ்ராண்டுகளில் ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் ஒக்ஸ்போட்களும் வரிசையாக நின்ற காலத்தை முன்வரிசையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கலியாண வீட்டுக்கு ஒரு ஏ40இல் ஒன்பது பேர் போனோம். பின்னால் மடியில் மடியில் இருந்து போனதால் சேலை கசங்கியதே தவிரக் கார் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கார்கள் எங்கள் ஊரில் இவ்வளவு காலம் நின்று பிடித்ததற்கு நிலமும் ஒரு காரணம். குடாநாடு தட்டை. ஏற்றம் என்று ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு இருபது மைல் சொச்சம். அதைவிட நீளமான ஓட்டம் அரிது. முப்பது குதிரை வலு எங்களுக்குத் தாராளம். நிலம் செய்கிற கெடுதலும் உண்டு. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா, அதே படை ரேடியேற்றருக்குள்ளும் பிடிக்கும். குழாய் அடைபட, எஞ்சின் கொதிக்கும். அப்பா மாரிக்கு மாரி பீப்பாவில் மழைத் தண்ணீர் பிடித்து வைப்பார். "இது காருக்கு" என்று சுண்ணாம்புக் கட்டியால் பீப்பாவில் எழுதியிருப்பார். அம்மா அதிலே தலை முழுகிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் இருப்பார். நான் இன்றும் மழைத் தண்ணீர்தான் விடுகிறேன். ரேடியேற்றர் 1955இல் வந்த அதே ரேடியேற்றர்.

இனி, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்பது. வீட்டில் கார் பார்க்கிற வேலை அண்ணாவுக்குரியது. மாதமொருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ் வைத்திருந்த ஒருவர் வருவார். எங்களுக்கு அவரும் அண்ணைதான். எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள், நானும் இன்று அப்படியே சொல்கிறேன். அவர் காருக்குக் கீழே படுத்திருப்பார். அண்ணா ஸ்பனர் எடுத்துக் கொடுப்பான். எனக்குக் கிடைத்த வேலை லாம்பு பிடிப்பது. "பிள்ளை, லாம்பை இஞ்சாலை பிடியும். உங்கை இல்லை, இஞ்சை." லாம்பு பிடிக்கிறவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பராக்குப் பார்க்க முடியாது. ஸ்பனர் எடுத்துக் கொடுத்த அண்ணா சந்தியில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருடம் நான் அந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பில் நாலடி எஞ்சினை நாங்கள் கொப்பியில் நாலு படமாக வரைந்து நிறம் தீட்டினோம். அந்த வகுப்பில் பிஸ்ரனைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். ஆனால் கையால் தொட்டதில்லை.

அண்ணா 1984இல் வெளிநாடு போனான். அடுத்த வருடம் அப்பா காலமானார். அந்திரட்டி முடிந்த கையோடு உறவினர்கள் காரை விற்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். பொம்பிளையளுக்கு எதற்குக் கார் என்பது அவர்கள் கேள்வி. நான் ஓடப் பழகிவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். பிறகுதான் பழகினேன்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மின்சாரம் இல்லை. எல்லோரும் சைக்கிளுக்கு மாறினோம். அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. கொட்டில்களில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய ஏ40களும் மைனர்களும் றோட்டுக்கு வந்தன. நேற்று வந்த ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் போயின. இந்தப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகையும் மணமும் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர். தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது நான் விரும்பிப் படிப்பித்த பாடமும்கூட.

பெற்றோல் சாதாரண சூட்டிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, அதற்கு நூற்றைம்பது பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் கிளப்ப முடியாது. முதலில் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மைனரின் எஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. புகைக் குழாயின் சூடு உள்ளே போகிற கலவையைச் சுட வைக்கும். மண்ணெண்ணெய்க்கு வேண்டியது அதுதான். இரண்டாவது சங்கதி அமுக்கம். மண்ணெண்ணெய்யின் ஒக்டேன் அளவு பெற்றோலின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதிகமாக அமுக்கினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சின் 'டக டக' என்று அடிக்கும். புதிய எஞ்சின்கள் ஒன்பது மடங்கு, பத்து மடங்கு அமுக்குபவை. மைனர் அமுக்குவது ஏழு மடங்கு சொச்சம். அதையும் குறைக்க அண்ணை ஹெட்டின் கீழ் இரண்டு காஸ்கற் வைத்தார். டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைத்தார். அந்த இரண்டு மாற்றத்துடன் கார் ஓடியது. இழுவை போதாது, புகை அதிகம், பிளக் கரி பிடிக்கும். ஆனால் ஓடியது.

இதை அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். "ரீச்சர், பழைய பேர்குசன் உழவு இயந்திரம் எதிலை ஓடினது?" என்று திருப்பிக் கேட்டார். உண்மைதான். நாற்பதுகளின் கடைசியில் பேர்குசன் கம்பனி மண்ணெண்ணெய் போன்ற ஒரு எரிபொருளில் ஓடவென்றே ஒரு வகை செய்தது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் குழாயைத் திருப்புவார்கள். உலகத்துக்கு அது மறந்துபோன தொழில்நுட்பம். எங்கள் ஊர்க் கராஜ்காரருக்கு மறக்கவில்லை.

கிளப்புவதற்கான பெற்றோல் பொன் விலை விற்றது. நான் அதை ஓடிக்கொலோன் போத்தலில் வைத்திருந்தேன். ஒரு தேக்கரண்டி காபரேற்றரின் வாய்க்குள் ஊற்றி, ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். பற்றரி பலவீனமாகி, பொறிக்கு மட்டுமே காணும். கிளப்ப மனிதக் கைதான். ஹாண்டில் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நாலு விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். கம்பியைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கையில் விரல் முறிந்துவிடும். இதை நான் சாதாரணதர வகுப்பில் நெம்புகோல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். சோதனையில் ஒருபோதும் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் அப்போது செய்தேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் கார் எட்டுக் கிலோமீற்றர் போகும். அதே போத்தலில் ஜாம் போத்தல் விளக்கொன்று ஐந்து ஐந்து மணித்தியாலமாகப் பத்து இரவு எரியும். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த விளக்கில்தான் படித்தார்கள். சங்கக் கடையில் பங்கீட்டுக்கு நிற்கிறவர்களும் அவர்கள்தான். இந்தக் கணக்கைச் செய்த பிறகு என்னால் காரில் கல்லூரிக்கு வர முடியவில்லை. காருக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன்: ஆஸ்பத்திரி. கோயிலுக்கில்லை, செத்தவீட்டுக்குமில்லை. கொலோன் போத்தலில் கடைசித் தேக்கரண்டிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

1992 மாரியில் ஒரு இரவு. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குத்து. அவளும் இந்தக் கல்லூரிப் பிள்ளைதான். ஹெலி சுற்றுகிற நேரம், முன் விளக்குப் போட முடியாது. அவளுடைய மாமா காருக்கு முன்னால் வெள்ளைச் சாரத்தோடு நடக்க, அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு முதல் கியரில் பிரதான வீதி மட்டும் ஓடினேன். எஞ்சின் மூன்றாவது சுற்றில் கிளம்பியது. கிளம்பாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த இரவில் பிறந்தவர் இப்போது நோர்வேயில் இருக்கிறார். மண்ணெண்ணெய் மணம் பிடிக்காது என்று அவருடைய அம்மா சொன்னார்.

நல்ல கதை மட்டும் சொல்லக்கூடாது. 1993இல் பிரேக் எண்ணெய் தீர்ந்தது. எங்கும் இல்லை. நான் என் அறிவைப் பாவித்து, எண்ணெய்தானே என்று எஞ்சின் எண்ணெயை ஊற்றினேன். அன்று மத்தியானம் பிரேக் நன்றாகப் பிடித்தது. அடுத்த நாள் விடவே இல்லை. நாலு சில்லும் இறுகிப்போய்க் கார் ஒழுங்கை நடுவில் மாடு மாதிரிப் படுத்துவிட்டது. மைனரின் பிரதான பிரேக் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அண்ணை கம்பளத்தைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த றப்பரை எடுத்துக் காட்டினார். ஊறின உளுந்துபோல் ஊதியிருந்தது. கனிய எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதும், ஊதின றப்பர் எண்ணெய் திரும்பிப் போகிற சிறு துவாரத்தை மூடிவிடும், அமுக்கம் இறங்காது. அவர் ஏசவில்லை. "ரீச்சர், உங்கடை இரசாயனப் புத்தகத்திலை இது இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது. நான் அதைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை படிப்பித்தும் இருக்கிறேன். பழைய காலத்துப் பிரேக் எண்ணெய் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படி ஒரு கலவை செய்து தந்தார். இன்று யாரும் செய்து பார்க்க வேண்டாம். கடையில் நல்ல பிரேக் எண்ணெய் இருக்கிறது.

அந்தப் பிழைக்குப் பிறகுதான் அவர் லாம்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு ஸ்பனரை என்னிடம் தந்தார். எனக்கு முப்பத்தெட்டு வயது.

1995 ஒக்ரோபர் 30. அந்த நாளைப் பற்றி இந்த மண்டபத்தில் ஆளுக்கொரு கதை உண்டு. நான் நீட்டப் போவதில்லை. வலிகாமம் முழுவதும் அந்த இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. செம்மணி வீதியில் மனிதர்கள் நிற்கவே இடமில்லை. காருக்கு எங்கே இடம்? மண்ணெண்ணெயும் அரைப் போத்தல்தான் இருந்தது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். புறப்படும்போது ஒரு காரியம் செய்தேன். பொனற்றைத் தூக்கி, டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, ரோட்டரைக் கழற்றி எடுத்தேன். பெருவிரல் அளவான சிறு கறுப்புத் துண்டு. பித்தளைத் தகடு ஒன்று மேலே இருக்கும். அது இல்லாமல் எந்த சிலிண்டருக்கும் பொறி போகாது. உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் என் பட்டச் சான்றிதழும் இருந்த பைக்குள் அதையும் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். தாலிக்கொடியை எடுத்தேனா என்று கேட்டார்.

மிருசுவிலில் ஒரு தென்னங்காணிக்குள் ஆறு மாதம் இருந்தோம். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கார் கொட்டிலுக்குள் நின்றது. நாலு சில்லும் இல்லை, இருக்கைகள் இல்லை, பற்றரி இல்லை, இடதுபக்கக் கதவு இல்லை. எஞ்சின் இருந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த வருடம் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. பின்னர் சில்லுகளைத் தேடினேன். இரண்டு, சந்தையில் மரக்கறி ஏற்றுகிற தள்ளுவண்டியில் அகப்பட்டன. என் காரின் சில்லுகளா, வேறொரு மைனரின் சில்லுகளா என்று தெரியாது. தள்ளுவண்டிக்காரருக்கு வேறு சில்லு தேடிக் கொடுத்துத்தான் அவற்றை வாங்கினேன். மற்ற இரண்டுக்கும் இரண்டு வருடம் சென்றது. 1998இல் ரோட்டரைத் திருப்பி மாட்டினேன்.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது கொழும்புக்குப் போய் உதிரிப்பாகக் கடைகளில் ஒரு நாள் முழுவதும் நின்றேன். அங்கேதான் ஒரு செய்தி அறிந்தேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், தொண்ணூறுகளில் எங்கள் நாட்டின் தெற்கே பட்டறை அமைத்து மைனர் உடல் தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு பான் பெல்ற்றுக்குப் பதிலாகச் சீலைத்துண்டு முறுக்கிக் கட்டிய அதே வருடங்களில், அதே தீவிலிருந்து மைனர் மட்காட்கள் கப்பலேறின. சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியாமல் கடைக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஒரு கதவு வாங்கினேன்.

பாதை திறந்ததும் பழைய கார் தேடுகிறவர்களும் வந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர் மரியாதையான மனிதர். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். என் ஒரு வருடச் சம்பளத்தைவிடக் கூட. கூரை இன்னும் அரைவாசி கிடுகாக இருந்த நேரம். நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. வீரமாகச் சொன்னேன் என்று கதை கட்ட மாட்டேன். இரண்டு கிழமை யோசித்தேன். அந்த இரண்டு கிழமைக்குள் ஒழுங்கையில் இருந்த மற்ற இரண்டு காரும் போய்விட்டன. அவற்றை விற்றவர்களில் யாரும் பிழை செய்யவில்லை. ஒருவர் அந்தக் காசில் மகளுக்குக் கலியாணம் செய்தார். எனக்கு ஒரு யோசனை மட்டும் தடுத்தது: பணம் கூரைக்குப் போகும், அது எப்படியும் ஒரு நாள் போட்டுவிடலாம், ஆனால் பதினேழு வருடம் கற்ற தொழிலை நான் எதில் செய்வேன்?

இப்போது பராமரிப்பு எளிது. இரண்டு விடயம் சொன்னால் போதும். ஒன்று கிறீஸ். முன் சில்லுகள் திரும்புகிற இடத்தில் மேலும் கீழும் புரியுள்ள துண்டுகள் உண்டு. மாதமொருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேயும். தேய்ந்தால் ஒரு நாள் சில்லு மடிந்து உள்ளே விழும். மைனர் வைத்திருந்து இதை அலட்சியம் செய்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சந்தியில் காரை மூன்று சில்லோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மற்றது வால்வு இடைவெளி. எட்டு வால்வு, ஒவ்வொன்றுக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு இடைவெளி. எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு அண்ணை ஒரு சூத்திரம் சொல்வார்: கூட்டினால் ஒன்பது. எட்டாவது வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அள. ஆறாவது திறந்து நிற்கும்போது மூன்றாவது. ஏழாவது என்றால் இரண்டாவது. ஐந்தாம் வகுப்புப் படித்த அவருக்கு அது ஏன் அப்படி என்று தெரியும். 1–3–4–2 என்ற எரியும் வரிசையை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பட்டம் பெற்ற எனக்கு விளங்க ஒரு பின்னேரம் எடுத்தது. அளந்ததை எல்லாம் 1998 முதல் சீஆர் கொப்பியில் எழுதி வைக்கிறேன். இப்போது ஆறாவது கொப்பி.

2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது, கியூஆர் அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். நாட்டில் எல்லோரும் காணாது என்று அழுதார்கள். தேக்கரண்டியால் அளந்தவளுக்கு அது பெருஞ்செல்வம். மனதறிந்து சொன்னால், நான் அந்த மாதங்களில் கொஞ்சம் சந்தோசமாகவே இருந்தேன். புதுக் கார்களும் அந்த நேரம் இறக்குமதியாகவில்லை. ஒழுங்கையால் போன இளம் பெடியன் ஒருவன் நின்று, "அன்ரி, இதுக்குக் கம்பியூட்டர் எங்கை இருக்கு?" என்று கேட்டான். நான் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். பிறகு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஏனென்றால் அந்தக் கம்பியூட்டருக்கும் இப்போது எழுபது வயது ஆகப்போகிறது.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அண்ணை 2011இல் காலமானார். அவருடைய மக்கள் இருவரும் சுவிசில். கராஜ் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. மண்ணெண்ணெய்க் காலத்தில் குடாநாட்டை ஓட வைத்த அந்தத் தலைமுறைக் கராஜ்காரர்கள் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. எனக்குத் தெரிந்தது, எனக்கு லாம்பு கொடுக்கப்பட்டதால் தெரிந்தது. வேறு எந்தக் கெட்டித்தனமும் இல்லை. பிரிஸ்பேனில் இருக்கிற என் மகன் காரை விற்கச் சொல்கிறான். இப்போது சொல்கிற விலை 2002இல் சொன்னதைப்போல் எத்தனையோ மடங்கு. அவனுக்கு நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

போன வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மூவர் வந்தார்கள். நாலடி எஞ்சினைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். வால்வு மூடியைக் கழற்றி, ஒருத்தியிடம் ஹாண்டிலைக் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். எட்டு வால்வும் ஒவ்வொன்றாகத் தலை குனிந்து நிமிர்வதைப் பார்த்து மூவரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிள்ளையின் தாயார் அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கை கறுத்துப்போய் வந்திருக்கிறாளாம், சவர்க்காரத்துக்குப் போகவில்லையாம். தேங்காயெண்ணெயும் சீனியும் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். அவள் அடுத்த கிழமையும் வந்தாள். ஆறாவது கொப்பியின் கடைசி மூன்று பக்கம் அவளுடைய கையெழுத்து. எழுத்து என்னுடையதைவிடத் திருத்தம்.

ஆகவே ஒரு அறிவித்தல். ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கொட்டிலில் வேலை நடக்கும். இந்தக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் படித்த பிள்ளைகளும் வரலாம்; வயது கேட்க மாட்டேன். பழைய உடுப்போடு வாருங்கள், தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள், கைவளையல் வேண்டாம். லாம்பு என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தோழியருக்கு ஒரு வேண்டுகோள்: சொக்கிலேற் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு, அங்குல அளவு ஸ்பனர் செற் ஒன்று கொண்டுவாருங்கள். இங்கே எல்லாம் மில்லிமீற்றர் அளவாகிவிட்டது.

கார் வெளியே மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. தேநீர் இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் ஏறி இருக்கலாம். திரும்புகிற பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து கை ஒன்று வெளியே நீளும். அதைப் போட்டுப் பார்க்கலாம். வலப்பக்கக் கை சில வேளை இறுகி நிற்கும். தூணில் உள்ளங்கையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் வரும். இழுக்க வேண்டாம்.